ராம் மாமா

மடிக்கணினி மெதுவாக இயங்குகிறது என்று வீட்டில் எவரேனும் முனகிய மாத்திரத்தில், காரணத்தை விசாரிக்காமலேயே "ராம் போட்டாச் சரியாயிடும்" என்று தீர்ப்பளிக்கும் உறவினர் ஒருவர் தமிழகத்து நகர்ப்புறக் குடும்பங்கள் பலவற்றில் இருக்கவே இருக்கிறார். சிலருக்குச் சித்தப்பாவாகவும் சிலருக்கு அத்தானாகவும் அமையும் இவரை, வசதி கருதி இங்கு ராம் மாமா எனலாம்.

ராம் எனப்படுவது, கணினி அந்தந்த நேரத்தில் கையாளும் தரவுகளை மின்சாரம் உள்ளவரை மட்டும் ஏந்தி நிற்கும் தற்காலிக நினைவகம். விசிறியில் தூசி அடைத்துக் கணினி சூடாவதையோ, வைரஸ் புகுந்து ஆட்டிப்படைப்பதையோ அது தீர்க்காது. ஆயினும் மாமாவின் மருத்துவ முறையில் நோய்கள் பல, மருந்து ஒன்றே. அம்மருந்தின் அளவை "எட்டு ஜிபி" என்று குறிப்பிடத் தெரிந்தவுடன் தமது கல்வி நிறைவுற்றதாக அவர் கருதிவிடுவதுதான் பின்னர் நிகழ்வன அனைத்துக்கும் தோற்றுவாய்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், பேரம் பேசுவதில் நிகரற்றவராகிய மாமா, கடைக்காரர் "மாடல் நம்பர் என்ன சார்?" என்று கேட்கும்போது மட்டும் சற்றுத் தடுமாறி, "சில்வர் கலர் லேப்டாப்புங்க" என்கிறார். "பழைய ராமைக் கழட்டி எடுத்துட்டு வாங்க சார், பாத்துத் தர்றேன்" என்பது அக்கடைக்காரர் சொல்லக்கூடிய மிகச் சிறந்த அறிவுரை. மாமாவோ அதைத் தம்மை இன்னொரு முறை அலையவைக்கும் தந்திரம் என்று கொள்கிறார். பழைய பலகையின் ஒட்டுச்சீட்டில் பிசி3எல்-12800எஸ் என்பதுபோல் ஒரு குறி அச்சாகியிருக்கும். அதில் 3 தலைமுறையையும், எல் குறைந்த மின்னழுத்தத்தையும், 12800 ஒரு நொடிக்குக் கடத்தக்கூடிய தரவின் அளவை மெகாபைட்டிலும், எஸ் மடிக்கணினிக்குரிய சோடிம் என்னும் சிறிய வடிவத்தையும் உணர்த்துகின்றன. 12800 என்பதை விலை என்று படித்து மாமா அதிர்ந்ததாக உறவினரிடையே ஒரு வதந்தி உண்டு.

தர நிர்ணய அமைப்பான ஜெடெக், டிடிஆர்3 வகையை 2007-லும் டிடிஆர்4 வகையை 2012-லும் டிடிஆர்5 வகையை 2020-லும் வெளியிட்டது. சோடிம் பலகையில் இவற்றுக்கு முறையே 204, 260, 262 தொடுமுனைகள் உள்ளன. விளிம்பிலுள்ள சிறு வெட்டும் தலைமுறைதோறும் இடம் மாறுவதால், ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று இறங்காது. தவறாகப் பொருத்துவதைத் தடுக்கவே அமைந்த அந்த வெட்டை மாமா உற்பத்திக் குறைபாடாகக் கருதி, பலகையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபின், "கொஞ்சம் அழுத்தினா உள்ள போயிடும்" என்கிறார்.

இதனினும் நுட்பமான பொறி ஒன்று உண்டு. சாதாரண டிடிஆர்3 கேட்பது 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டிலேயே இயங்கும், தேவைப்பட்டால் 1.5 வோல்ட்டையும் ஏற்கும். இரண்டுக்கும் உருவம் ஒன்றே ஆதலால், 1.35 வோல்ட் மட்டுமே வழங்கும் மடிக்கணினியிலும் பழைய டிடிஆர்3 பலகை 'டக்'கென்ற ஓசையுடன் கச்சிதமாக அமர்ந்துவிடும். திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். இக்கட்டத்தில்தான் மாமா அக்காள் மகளின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து, பலகையின் பொன்னிறத் தொடுமுனைகளைத் தேய்க்கத் தொடங்குகிறார். இவ்வைத்தியத்தை முற்றிலும் இகழ்ந்துவிட முடியாது. அழுக்கேறிய முனைகள் துடைத்தபின் உயிர்பெற்ற கணினிகள் உண்டு. ஆனால் 0.15 வோல்ட்டை அழிக்கவல்ல ரப்பர் இன்னும் விற்பனைக்கு வரவில்லை.

நினைவகம் தாய்ப்பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்ட மெல்லிய மடிக்கணினிகளில், ஸ்லாட்டே இல்லை என்பதை மாமா எல்லாத் திருகுகளையும் கழற்றியே கண்டறிகிறார். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கலாமே என்று மருமகள் சொன்னால், அது சாஃப்ட்வேர், இது ஹார்டுவேர் என்று விளக்கமும் தருகிறார். வேகம் வேறுபட்ட இரண்டு பலகைகளைச் சேர்த்தால் பொதுவாக இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும் என்ற ஒரு விதி மட்டும், கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர் ஆகையால், அவருக்கு விளக்கமின்றியே புரிந்துவிடுகிறது.

இறுதியில் பழைய பலகையே மீண்டும் பொருத்தப்பட, கணினி முன்போலவே ஊர்ந்து எழுகிறது; "இப்பப் பரவாயில்ல, வேகம் தெரியுது பாருங்க" என்று மாமா சொல்ல, காப்பி கொடுத்த அக்காள் மட்டும் தலையசைக்கிறாள். விற்ற பொருளைக் கடைக்காரர் திரும்ப எடுக்காததால், புதிய பலகை மாமாவின் பெட்டியில் தங்கி, அடுத்த மாதமே "ஒருநாள்கூட ஓடாத ராம், உங்களுக்குன்னா பாதி விலை" என்ற சிபாரிசுடன் சகலையின் வீட்டுக்குப் போகிறது. அந்த வீட்டுக் கணினி டிடிஆர்4 வகையைச் சேர்ந்தது என்பது, மாமா திருகுகளைக் கழற்றி முடித்த பிறகே தெரியவரும்.