அரைப்புள்ளியும் சிவப்புப் பொத்தானும்

1999-இல் அமெரிக்காவின் அலபாமாவில், மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர் லினக்ஸ் உதவிக்கென்று ஒரு சின்னக் கம்பெனி தொடங்கினார். அலுவலகத் தொலைபேசிகளை இணைக்கும் ஈ.பி.ஏ.பி.எக்ஸ். வாங்கப் போனவர் விலையைக் கேட்டு மிரண்டு, தானே ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டார். அதுதான் ஆஸ்டெரிஸ்க். எங்கள் மேனேஜரும் விலையைக் கேட்டு மிரண்டவர்தான். ஆனால் அவர் எழுதவில்லை, என்னைக் கூப்பிட்டார்.

ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து ஆஸ்டெரிஸ்க் ஏற்றினேன். 22 எக்ஸ்டென்ஷன்கள். ‘101-க்கு அழைப்பு வந்தால் 20 வினாடி மணியடி, எடுக்காவிட்டால் வாய்ஸ்மெயிலுக்கு அனுப்பு’ என்று எல்லாம் கையாலேயே எழுதினேன். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடுவதைப் பார்த்தவர்கள் என்னை விஞ்ஞானி என்று நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

அந்தக் கோப்பில் ஒரு வரிக்கு முன்னால் அரைப்புள்ளி வைத்தால், ஆஸ்டெரிஸ்க் அதைப் படிக்காமல் தாண்டிவிடும். ஏதோ சோதனைக்காக மேனேஜரின் வரிகளுக்கு முன் அரைப்புள்ளி வைத்தேன், எடுக்க மறந்தேன். இரண்டு நாள் அவருக்கு ஒரு போன்கூட வரவில்லை. “பாக்கி கேட்கிறவங்க எல்லாம் திருந்திட்டாங்கப்பா” என்று பூரித்துப்போனார். மூன்றாம் நாள் முதலாளியே நேரில் வந்தார்.

அன்றே உத்தரவு: “மவுஸால் செய்கிற மாதிரி மாற்று.” ஆஸ்டெரிஸ்க்கை மவுஸால் இயக்கும் ஃப்ரீபி.பி.எக்ஸ். வந்தது. பிரவுசரில் கட்டங்களை நிரப்பி, மேலே சிவப்பாக மின்னும் பொத்தானை அமுக்கினால் முடிந்தது. அக்கவுண்ட்ஸ் அக்கா பத்தே நிமிடத்தில் கற்றுக்கொண்டார். என் விஞ்ஞானி பட்டம் காலியானது.

ரோஷம் விடுமா? மாலை 6 மணிக்கு மேல் வரும் அழைப்புகளை வாட்ச்மேன் அண்ணனுக்குத் திருப்பும் வேலையை மட்டும், ஃப்ரீபி.பி.எக்ஸ். உருவாக்கிய கோப்புக்குள் நுழைந்து கையால் எழுதினேன். ‘இந்தக் கோப்பைத் திருத்தாதீர்’ என்று உச்சியிலேயே எச்சரிக்கை இருந்தது. ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று எழுதிய சுவரில்தானே நாம் முதலில் போஸ்டர் ஒட்டுவோம்?

மறுநாள் அக்கா புதிதாகச் சேர்ந்த பையனுக்கு எக்ஸ்டென்ஷன் கொடுத்துச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். நான் எழுதியது மாயம். அன்று இரவு அழைப்பெல்லாம் காலி வரவேற்பறையில் அடித்து ஓய்ந்தது.

“என் வரிகளை அழிச்சிட்டீங்களே அக்கா!”

விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார். பொத்தானை அமுக்கும்போதெல்லாம் ஃப்ரீபி.பி.எக்ஸ். தன் டேட்டாபேஸைப் பார்த்துக் கோப்பைப் புதிதாக எழுதும் என்று விளக்கினேன்.

“அப்போ அது பேரேடுங்க தம்பி. நீங்க துண்டுச் சீட்டுல எழுதினீங்க. ஆடிட்டர் எதை நம்புவாரு?”

நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தவன் வாயடைத்து நின்றேன். கையால் எழுதுகிறவர்களுக்கென்று ‘கஸ்டம்’ என்ற தனிக் கோப்பு இருப்பதை அப்புறம்தான் தேடிக் கண்டுபிடித்தேன்.

போன மாதம் வெளியூர் அழைப்புகளில் நாம் பேசுவது அங்கே கேட்டது. அவர்கள் பேசுவது இங்கே கேட்கவில்லை. பிரவுசர் திரையில் எல்லாம் பச்சை. கறுப்புத் திரையைத் திறந்து பார்த்தால், எங்கள் சர்வர் அலுவலகத்துக்குள் மட்டும் செல்லும் முகவரியை ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தது. பதில் குரல் வீடு தெரியாமல் அலைந்திருக்கிறது. அக்கா பின்னால் நின்று பார்த்தார். விஞ்ஞானி பட்டம் திரும்புகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“எதுக்கும் அரைப்புள்ளி இருக்கான்னு பாத்துக்குங்க தம்பி” என்றார்.