நூற்பரிந்துரை இலக்கணம்: ஜொகூர்ப் படலம்

"அடுத்து என்னா படிக்கலாம்?" என்னும் வினா ஜொகூர் பாருவில் எங்கு வேண்டுமானாலும் எழும். உங்கு புவான் சாலையில் பூக்கடைக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் எழும். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது எழும். இழவு வீட்டில், எடுப்பதற்கு நேரமாகும் என்று தெரிந்தபின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பவர்களும் உண்டு. வினா எழுந்த கணமே விடையும் வந்துவிடும். அந்த விடைக்கு மட்டும் இதுவரை யாரும் இலக்கணம் செய்யவில்லை. தொல்காப்பியர் மாத்திரை முதல் மரபு வரை 27 இயல்களில் அளந்து வைத்தார். கடைசி இயலில் முதல்நூல், வழிநூல் என்றுகூட வகுத்தார். 'அடுத்த நூல்' என்ற வகையைத் தொடவில்லை. ஓலைச்சுவடிக் காலத்தில் ஒருவர் ஒரு நூலைச் சிபாரிசு செய்தால், கேட்டவர் உட்கார்ந்து அதைப் படியெடுத்தாக வேண்டும். எனவே அன்று யாரும் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்க மாட்டார்கள், இலக்கணமும் தேவைப்பட்டிருக்காது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

13ஆம் நூற்றாண்டுப் பவணந்தியார் சற்று நெருங்கி வந்தார். ஒரு நூலைப் பற்றிப் பாயிரத்தில் சொல்ல வேண்டியவை எட்டு என்றது அவரது நன்னூல்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என மூன்றைக் கூட்டுவோரும் உண்டு என்று ஓரத்தில் சேர்த்துக்கொண்டது. சொல்லத் தகுந்தவர் நால்வர்: ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர், உரைகாரர். இந்த நால்வரில் மைத்துனர் இல்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் இல்லை. நூலை எழுதியவர் அறவே இல்லை. நூல் வெளியீட்டு விழாக்களுக்குப் போய்வருவோர் கடைசி விலக்கின் அருமையை உணர்வர்.

மாணாக்கரையும் அவர் எட்டாகப் பிரித்தார். அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி நான்கும் கடை. வாசகர்க்கு இப்பகுப்பு அப்படியே பொருந்துவது வியப்புக்குரியது. ஆடு ஒவ்வொரு செடியிலும் ஒரு வாய் கடிக்கும். பத்து நாவல்களின் முதல் அத்தியாயத்தை மட்டும் அறிந்தவர் ஆடு. எருமை குளத்தைக் கலக்கிவிட்டுத்தான் குடிக்கும். நாவலைத் திறக்குமுன் அதன் ஆசிரியர் யாரோடு என்ன சண்டை போட்டார் என்பதை முழுக்கத் தெரிந்துகொள்பவர் எருமை. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரி, எண்ணூறு பக்கத்தைத் தாண்டும் 'விஷ்ணுபுரம்' முழுவதையும் படித்து முடித்து, அதிலிருந்த அச்சுப்பிழைகளை மட்டும் பக்கவாரியாக நினைவில் வைத்திருக்கும். ஓட்டைக்குடம் "கட்டாயம் படிக்கிறேண்ணே" என்று கைப்பேசியில் குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பு அதோடு சரி.

ஆயினும் மாணாக்கரை வகுத்த பவணந்தியார் அடுத்த நூலைச் சிபாரிசு செய்வோரை வகுக்காமல் விட்டார். இவ்விடைவெளியை நிரப்ப இவ்வாய்வாளர் இயற்றிய முதல் நூற்பா வருமாறு:

கேட்போன் யாரெனக் கேளா துரைத்தல்
வாய்ப்பந்தல் என்மனார் வழக்கறிந் தோரே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், கடினமான நூலைச் சொல்லுமுன் எதிரே நிற்பவரை ஒருமுறை பார்த்துக்கொள்க என்பது உணர்த்துதல் நுதலிற்று. எடுத்துக்காட்டு: பாசீர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை பார்க்கும் ஒரு தம்பி. கடைசியாக முழுசாகப் படித்த நாவல், எஸ்.பி.எம். இலக்கியப் பாடத்துக்காகப் படித்த மு.வ.வின் 'வாடா மலர்'. எதிரே ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.

"சார், அடுத்து என்னா படிக்கலாம்? கொஞ்சம் கனமா இருக்கணும் சார்."

ஆசிரியர் தே தாரிக் குவளையைக் கீழே வைத்தார். மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். நுரை வற்றும்வரை பார்த்தார்.

"சிவஞான மாபாடியம் பார்த்திருக்கியாப்பா?"

நாற்பது வரியில் அடங்கும் பன்னிரண்டு சூத்திரங்களுக்கு 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் எழுதிய பேருரை அது. 'வாடா மலர்' படித்து முடித்த கையோடு அதில் இறங்கியவர் எவரும் கரையேறியதாகத் தகவல் இல்லை. தம்பியின் முகம் போன போக்கைக் கண்டு சார் இறங்கி வந்தார்: "அப்ப வெண்முரசு படி." 2014இல் தொடங்கி 2020இல் முடிந்த 26 நாவல்கள். "எதுலேருந்து சார் ஆரம்பிக்கிறது?" என்று தம்பி கேட்டது நியாயமான கேள்வி. "எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுப்பா" என்றார் சார். முதல் நாவலான 'முதற்கனல்' என்ற ஒற்றைச் சொல் அந்த மேசைக்கு வரவே இல்லை. தம்பி ரொட்டி சானாய்க்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

எதிரே நிற்பவரைப் பார்த்துச் சொல்வதற்கு மலாயாவில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். எழுத வந்தவர்களுக்குப் பாடம் சொல்லி, எழுதி அனுப்பியதைப் பார்த்துத் தரம் பிரித்தார்கள். அதே பத்திரிகையில் ஆசிரியராக இருக்க வந்த கு. அழகிரிசாமி, கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் கூட்டி இளம் எழுத்தாளர்களோடு உட்கார்ந்தார். இவர்களின் சிறப்பு இன்னதென்று ஆய்வாளர் கருதுகிறார்: எதிரே இருப்பவரின் எழுத்தைப் படித்துவிட்டு, அவர் எவ்விடத்தில் இடறுகிறார் என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் எதைப் படிக்க வேண்டும் என்று பேசினார்கள். மின்விசிறியைப் பார்த்துப் பேசியதாகக் குறிப்பில்லை. இந்த அழகிரிசாமியின் 'கவிச்சக்கரவர்த்தி' நாடகமும் பின்னாளில் எஸ்.பி.எம். பாடநூலாயிற்று, நமது தம்பி அதையும் தேர்வுக்காகப் படித்திருப்பார், எழுதியவர் இந்நாட்டில் இருந்தவர் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனிக் கடினம் என்பதன் இயல்பு. பருமனைக் கடினம் என்று கொள்வது பாமர வழக்கு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். வந்தியத்தேவன் குதிரையைத் தட்டிவிட்டால் வாசகர் பின்னாலேயே ஓடுவார், பக்கம் போவது தெரியாது. மௌனி எழுதியவை எல்லாம் சேர்ந்து சுமார் இரண்டு டஜன் சிறுகதைகள். ஒரு மழைக்கால இரவில் கண்ணை ஓட்டிவிடலாம், மறுநாள் காலையில் என்ன நடந்தது என்று மனைவி கேட்டால் சொல்ல வாயிராது. ஆகவே எடை அளவுகோல் ஆகாது. சென்னைக்குப் போய்வரும் மாமாவிடம் புத்தகம் வாங்கிவரச் சொல்பவர்க்கு மட்டும் எடை முதன்மையானது. மாமியின் சேலைகளுக்கும் ஊறுகாய்ப் புட்டிகளுக்கும் இடையே 'காவல் கோட்டம்' ஆயிரம் பக்கத்தோடு வந்து சேர்வது மாமாவின் குணநலனைப் பொறுத்தது.

கிடைப்பதற்குக் கடினமான நூல் இன்னொரு வகை. ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலை உள்துறை அமைச்சு 2020இல் தடை செய்தது. அதுவரை தமிழ் நாவல் என்றாலே கொட்டாவி விட்ட பலர், அதன் கதை என்ன என்று கேட்கத் தொடங்கியது தடைக்குப் பிறகுதான். ஆய்வாளர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். இந்நூலை இங்கே பரிந்துரைக்கவில்லை, இப்படியொரு நூல் இருக்கிறது என்று பதிவு மட்டும் செய்கிறார்.

கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். இரண்டாம் நூற்பா:

கடினம் நூற்கண் கிடப்ப தன்றே
படிப்போன் ஊரும் பங்கெனப் படுமே.

நன்னூலின் 'களம்' என்பதற்கு, நூல் அரங்கேறிய அவை என்று பொருள் உரைப்பர். அதுவும் பொருந்தும். வாசகர் உட்கார்ந்திருக்கும் இடம் என்று நாம் உரை கொள்கிறோம். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை வைத்துச் சோதிப்போம். பதினெட்டு வயதில் சிங்கம்புணரியிலிருந்து மேடானுக்குக் கப்பலேறிய சிங்காரம், போர் முடிந்து திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். இரண்டே நாவல்கள் எழுதினார். முதலாவதான 'கடலுக்கு அப்பால்' கலைமகள் பரிசு பெற்று 1959இல் வந்தது. இரண்டாவதுக்குப் பதிப்பாளர் கிடைக்கவே பத்தாண்டு ஆனது, 1972இல்தான் அச்சேறியது. தமிழ்நாட்டில் அதைக் கடினமான நாவல் என்பார்கள். காரணம் கேட்டால், மேடான் எங்கே, பினாங்கு எங்கே என்று வரைபடம் வேண்டும், மலாய்ச் சொற்கள் வழிமறிக்கின்றன, ஜப்பான்காரன் வந்தபின் யார் எந்தப் பக்கம் என்று புரிவதில்லை என்பார்கள். இவை ஒன்றும் ஜொகூர்க்காரருக்குக் கடினமல்ல. தொங்கானும் துறைமுகமும் வட்டிக்கடையும் அவருடைய தாத்தா பேச்சிலேயே வந்தவை. ஜப்பான் காலம் பாட்டியின் மரவள்ளிக்கிழங்குக் கதையாக வீட்டில் கிடக்கிறது. அவர் தடுக்கி விழுவது வேறிடத்தில். நாயகன் பாண்டியன் பாதி வெறியில் மதுரைத் தெருக்களை நினைத்துக்கொள்ளும்போதும், பழந்தமிழ்ப் புலவர்களைக் கிண்டலடிக்கும்போதும் கையைப் பிசைகிறார். மதுரைக்காரர் வேகமெடுக்கும் பக்கத்தில் ஜொகூர் மாசாய்க்காரர் நிற்கிறார். மாசாய்க்காரர் ஓடும் பக்கத்தில் மதுரைக்காரர் நிற்கிறார். ஒரே நூல்தான்.

மறுதலையாக, கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடக் கொடுப்பார்கள். ரப்பரும் செம்பனையும் தவிர வேறு பயிர் பார்த்திராத குளுவாங் வாசகர்க்குக் கரிசல் மண் மேடானைவிடத் தூரம். நல்லவேளையாக கி.ரா. தமது மண்ணின் பேச்சுக்கு ஓர் அகராதியும் தொகுத்து வைத்தார். அந்த அகராதியையும் கடினமான நூல் பட்டியலில் சேர்க்கலாமா என்பது மேலாய்வுக்குரியது.

நன்னூலின் எந்தப் பகுப்பிலும் அடங்காத கடினம் ஒன்று எஞ்சுகிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993), அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', கோ. புண்ணியவானின் 'கையறு' ஆகியவற்றில் அகராதி தேட வேண்டிய வரி அதிகமில்லை. 1942இலும் 1943இலும் அந்த ரயிலுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடத் தோட்டங்களிலிருந்து ஏற்றிக்கொண்டு போகப்பட்டவர்களின் கதை. ஜொகூர்த் தோட்டக் குடும்பங்களில், போய்த் திரும்பாத ஒரு பெயரையாவது பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். நாற்பதாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஐந்தடிக்கு வந்து நிற்பவரிடம் "மொழி கடினமா?" என்று கேட்பது மடமை.

களம் என்றதும் ஜொகூரில் விட்டுவிட முடியாத ஓரிடம், 1924இல் திறந்த கடற்பாலம். ஒரு கிலோமீட்டர்தான், கடக்க ஆகும் நேரத்தை நூற்பாவில் அடக்க முடியாது. மோட்டாரில் போகிறவர் வாசகர் கணக்கில் வர மாட்டார். பேருந்தில் போகிறவர் ஜொகூர் பாருவில் ஒருமுறையும் ஊட்லண்ட்ஸில் ஒருமுறையும் இறங்கியாக வேண்டும். அடையாளத்துக்குப் புத்தகத்தில் செருகிவைத்திருப்பது கடப்பிதழ். சோதனைக் கதவில் அதை உருவி வைக்க வேண்டும். உருவினால் பக்கம் போச்சு. விரலைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் அந்த விரலையும் இயந்திரம் கேட்கிறது. லா.ச.ரா.வின் ஒரு வாக்கியம் மலேசியாவில் தொடங்கிச் சிங்கப்பூரில் முடிவது இப்படித்தான். குறுகிய அத்தியாயங்கள் கொண்ட நூல்களே இங்குச் செல்லும். ஆனால் வரிசை நீளமாக உள்ள வெள்ளி மாலைகளில் திரும்பும் பயணத்துக்குச் சிங்காரத்தின் புயல் அத்தியாயத்தைத் தைரியமாகக் கொடுக்கலாம்.

நன்னூல் ஓரத்தில் சேர்த்த 'காரணம்' என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடினமான நூலைப் படித்து முடித்தவர்க்கு அதைப் பற்றிப் பேச ஆள் வேண்டும். தமானில் அப்படி ஓர் ஆள் இல்லை. ஆகவே ஆளைத் தாமே உண்டாக்கப் பார்க்கிறார். பரிந்துரைகளில் பாதிக்கு மேல் இவ்வகை; மீதி, படித்ததாகக் காட்டிக்கொள்ள.

காலம் பற்றி ஜொகூரில் சிறப்பு விதி ஒன்று இருந்தது. 2014 முதல் 2024 வரை இம்மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்க்கோ சனியும் ஞாயிறும். அதாவது ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் பள்ளியில், அரசாங்க வேலை பார்க்கும் மனைவி அலுவலகத்தில், அவர் மட்டும் வீட்டில். பதினோரு ஆண்டு, வாரத்துக்கு ஒரு முழுப்பகல் அமைதியைத் தமிழ் வாசகனுக்கு வழங்கிய மாநில அரசு வேறொன்றை ஆய்வாளர் அறியார். 2025 ஜனவரி 1 முதல் விடுமுறை சனி ஞாயிறுக்கு மாறிவிட்டது. குடும்பங்கள் மகிழ்ந்தன, மகிழத்தான் வேண்டும். ஆனால் 2024 வரை 'விஷ்ணுபுரம்' சொல்லத் தகுந்தவராக இருந்தவர் இன்று சொல்லத் தகாதவர். ஞாயிறு காலைக்கு அழகிரிசாமியின் சிறுகதை ஒன்றுதான் தாங்கும், அதுவும் ஏழு மணிக்குள். ஏழரைக்குப் பசியாறக் கூப்பிடுவார்கள். பிறகு சந்தை, பிறகு மாமியார் வீடு. திங்கட்கிழமை விடியுமுன் அவர் பாலத்தில் நிற்பார், விரலைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு.