மூன்று சம்பந்தி, ஒரு ஜங்ஷன்

மூன்று வீட்டோடு சம்பந்தம் வைத்தவருக்கு ஊரில் ஒரு தனி மிடுக்கு வந்துவிடும். அந்தக் கணக்கில் பொள்ளாச்சி ரயில் நிலையம் பெரிய குடும்பம்தான்: 1915இல் போத்தனூர், 1928இல் திண்டுக்கல், 1932இல் பாலக்காடு. மூன்று திசைக்கும் தடம் பிரிவதால் பெயரோடு ‘ஜங்ஷன்’ ஒட்டிக்கொண்டது. ஆனால் சம்பந்தி வீடு எத்தனை என்று எண்ணுகிறவர்கள், அவர்கள் எத்தனை தடவை வந்துபோகிறார்கள் என்றும் எண்ண வேண்டும். தடம் கிடப்பதால் மட்டும் ஸ்டேஷனுக்கு மரியாதை வந்துவிடாது. வண்டி வர வேண்டும் என்பதே என் கட்சி.

அகலப் பாதைக்கு மாறிய கதையே இதற்குச் சாட்சி. மீட்டர் கேஜில் தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். அகலப் பாதையில் 1,676. கூடியது 676 மில்லிமீட்டர், அதாவது இரண்டேகால் அடிக்கும் சற்றுக் குறைவு. கோவைக்குப் போகும் போத்தனூர்த் தடத்தை 2009இல் மூடி 2017இல் திறந்தார்கள். மாதத்துக்கு ஏழு மில்லிமீட்டர்! மூடிய அன்று நட்ட தென்னை, திறப்பதற்குள் காய்த்திருக்கும். ‘பாலம், மண்கரை, நடைமேடை, சிக்னல் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டாமா?’ என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். நியாயம்தான். சுற்றிலும் அகலமாகிவிட்ட நாட்டில் மீட்டர் கேஜோடு பொள்ளாச்சி மட்டும் தனித்தீவாக நிற்க முடியாது என்பதும் நியாயம். ஆனால் வாசலை இடித்து அகலமாக்கியவர், விருந்தாளி வருகிறாரா என்று எட்டிப் பார்க்க வேண்டாமா? கோவையிலிருந்து இவ்வழியே ராமேஸ்வரம் போய்க்கொண்டிருந்த பழைய வண்டி, வாசல் அகலமானதும் ஓடி வந்துவிடவில்லை.

‘கோவை நாற்பது கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டில் நின்றால் அடுத்தடுத்து பஸ். ரயிலை யார் தேடுகிறார்கள்?’ என்பது கடைசி வாதம், கனமானதும் அதுதான். ஆனால் அது வண்டியை மாட்டுக்கு முன்னால் பூட்டுகிறது. எட்டு வருஷம் கோவைக்கு ரயிலே இல்லாத ஊர் பஸ்ஸில் ஏறாமல், தண்டவாளத்தில் நடந்தா போகும்? விட்டுப்போன பழக்கத்தைத் ‘தேவை இல்லை’ என்று கணக்கெழுதினால் வண்டி குறையும். வண்டி குறைந்தால் ஆள் குறையும். ஆள் குறைந்ததைக் காட்டி மறுபடி வண்டியைக் குறைக்கலாம். எட்டு வருஷம் போக்குவரத்து நின்ற சம்பந்தி வீட்டுக்கு முதலில் அழைப்பு வைக்க வேண்டும், பிறகு நேரத்தோடு பந்தி போட வேண்டும். ரயில்வேக்கும் அதே முறைதான்: வேலைக்குப் போகிற நேரத்துக்கும் திரும்புகிற நேரத்துக்கும் வண்டி விட்டுவிட்டு, அப்புறம் இலையை எண்ணட்டும்.