அந்தமான் தீவுகளில் பெருந்துளை டெலி லென்ஸ்: ஓர் ஒளிக்கணக்கு ஆய்வு

காட்டுயிர்ப் படம் எடுப்போரிடையே ‘ஃபாஸ்ட் டெலி’ என வழங்கும் பெருந்துளை லென்ஸ், குவியத்தூரம் 300 மில்லிமீட்டருக்குக் குறையாமை, துளை எண் 2.8 அல்லது 4 ஆக இருத்தல், சுமப்பவரின் தோளில் நிலையானதொரு சாய்வை உண்டாக்குதல் என்னும் மூன்று இலக்கணங்களை உடையது. துளை எண் என்பது குவியத்தூரத்தை ஒளி புகும் துளையின் விட்டத்தால் வகுக்கக் கிடைக்கும் ஈவு. ஆதலால் எண் சிறுக்கச் சிறுக்கத் துளை பெருகும். 600 மி.மீ. குவியத்தூரமும் எஃப்/4 துளையும் கொண்ட லென்ஸின் முன்கண்ணாடி 150 மி.மீ. அகலமேனும் இருந்தாக வேண்டும், 400 மி.மீ. எஃப்/2.8 லென்ஸுக்கு ஏறத்தாழ 143 மி.மீ. வேண்டும். இவ்வளவு அகலமான கண்ணாடிகளைக் குற்றமறக் கடைந்து அடுக்குவது எளிதன்று என்பதால், இவ்வகை லென்ஸுகளின் எடை மூன்று கிலோவை ஒட்டியும் விலை பத்து லட்சம் ரூபாயைத் தாண்டியும் நிற்கிறது. அந்த ரூபாய்க்கு எவ்வளவு ஒளி வரவாகிறது என்பதும், வரவான ஒளியை அந்தமான் நிக்கோபார் தீவுகள் எவ்வெவ் வழிகளில் திரும்ப வசூலித்துக்கொள்கின்றன என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

முதலில் வரவு. ஒளியின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு ‘ஸ்டாப்’ எனப்படும். ஒரு ஸ்டாப் ஏறினால் ஒளி இருமடங்காகும், இறங்கினால் பாதியாகும். எளிய விலையில் கிடைக்கும் எஃப்/5.6 லென்ஸைவிட எஃப்/2.8 லென்ஸ் இரண்டு ஸ்டாப் கூடுதலாக, அதாவது நான்கு மடங்கு ஒளியை, உள்ளே விடுகிறது. இதனால் நொடியில் 125-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டிய ஷட்டர் 500-இல் ஒரு பங்கிலேயே மூடிக்கொள்ள, தலையைத் திருப்பிய பறவை வெறும் கலங்கலாகாமல் கண்ணும் அலகும் உடைய பறவையாகவே பதிவாகிறது. இரண்டு ஸ்டாப்புக்குப் பத்து லட்சம் எனில், ஸ்டாப் ஒன்றின் விலை ஐந்து லட்சம் எனக் கொள்க. இவ்வாய்பாடு எந்தப் பொருளியல் நூலிலும் காணப்படவில்லை. எனினும் வீட்டாரிடம் ஒப்புதல் பெற முயன்றோர் அனைவரும் இதை வேறு சொற்களில் கேட்டிருப்பர்.

இனிச் செலவு. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர், கிழக்குத் தீர்க்கரேகை 92.7 பாகையை ஒட்டி அமைந்துள்ளது. இந்திய நேரமோ 82.5 பாகைக்கு வகுக்கப்பட்டது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்னும் கணக்கின்படி, அங்குள்ள கடிகாரம் சூரியனுக்கு ஏறத்தாழ 40 நிமிடம் பின்தங்கியே ஓடுகிறது. இதன் விளைவாக நவம்பர் இறுதியில் மாலை ஐந்து மணி ஆகும் முன்னரே அங்குச் சூரியன் மறைந்துவிடுகிறது. சென்னையில் அன்று சூரியன் மறைய இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். ஆகவே நான்கு மணிக்கு டீ குடித்துவிட்டு, நகருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள சிடியா டாப்புக்குச் சென்று பறவைகளைப் படம் எடுக்கலாம் எனச் சென்னைப் பழக்கத்தில் திட்டமிட்டு வந்தவருக்கு, அன்றைய வரவில் டீ மட்டுமே உறுதியானது. நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் சாய்வாக இறங்காமல் ஏறத்தாழச் செங்குத்தாகக் கடலில் இறங்குவதால் அந்தி நீள்வதுமில்லை. இருபத்தைந்து நிமிடத்துக்குள் படத்துக்குரிய ஒளி அனைத்தும் தீர்ந்துவிடும்.

இரண்டாம் செலவு மரங்களுடையது. பசுமைமாறாக் காட்டின் மேற்கூரை வெயிலில் பெரும்பகுதியைத் தானே உண்டுவிட, நூற்றில் சில பங்கே தரைக்கு வந்து சேர்கிறது. கணக்கின் எளிமை கருதி அதை முப்பத்திரண்டில் ஒரு பங்கு எனக் கொண்டாலும், இழப்பு ஐந்து ஸ்டாப் ஆகும். லென்ஸ் தந்தது இரண்டு, காடு எடுத்தது ஐந்து. மேற்கூறிய வாய்பாட்டின்படி, பாதாம் மரமும் படாக் மரமும் சேர்ந்து ஒரு பிற்பகலில் இருபத்தைந்து லட்சம் ரூபாய் பெறுமான ஒளியை நிழலாக்கிவிடுகின்றன. இத்தீவுகளுக்கே உரிய அந்தமான் கானாங்கோழி இக்கணக்கை நன்கு அறிந்த பறவை எனக் கருத இடமுண்டு. கருஞ்செம்மை நிறமுடைய அது, பகலெல்லாம் புதரில் மறைந்திருந்துவிட்டு, சிடியா டாப்புச் சாலையோரம் இருள் கவியும் வேளையில் வெளிவருகிறது. எஃப்/4 உடையவர் கையை விரிக்கவும், எஃப்/2.8 உடையவர் பெருமூச்சோடு முயலவும், வெறுங்கண்ணால் பார்ப்பவர் நன்றாகப் பார்க்கவும் போதுமான ஒளி அப்போது இருக்கும்.

அற்றேல், ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தினால் ஆகாதோ எனின், ஆகும். ஐ.எஸ்.ஓ. என்பது கேமராவின் உணரி தனக்குக் கிடைத்த ஒளியை எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டவேண்டும் என்பதைக் குறிக்கும் எண். அதை உயர்த்தினால் படம் வெளுக்கும், கூடவே மணல் தூவியது போன்ற புள்ளிகளும் தோன்றும். இன்றைய கேமராக்கள் 12,800 வரை உயர்த்தினும் ஏற்கத்தக்க படம் தருகின்றன. எஞ்சிய புள்ளிகளைக் கணினி மென்பொருள் துடைத்துவிடுகிறது. இது பெருந்துளை லென்ஸ் உடையோர் கூடியுள்ள இடத்தில் உரக்கச் சொல்லத்தக்க உண்மை அன்று.

இனி ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது. பறவைப் படக்காரர்கள் பெரிதும் நாடும் மவுண்ட் ஹாரியட் குன்று, 2021-இல் மவுண்ட் மணிப்பூர் எனப் பெயர் பெற்றது. 1891-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அந்தமானுக்கு நாடு கடத்தப்பட்ட மணிப்பூர் வீரர்களை அப்பெயர் நினைவுகூர்கிறது. முன்னைய பெயருக்கு உரியவரான ஹாரியட் டைட்லர், வியக்கத்தக்க வகையில், தாமே ஒரு படக்காரர். அவரும் கணவர் ராபர்ட் டைட்லரும் 1858-இல் டெல்லி, லக்னோ முதலிய ஊர்களில் சிப்பாய்க் கிளர்ச்சியின் சுவடுகளைக் காகித நெகட்டிவ்களில் பதிவுசெய்தனர். ராபர்ட் 1862 முதல் 1864 வரை போர்ட் பிளேர் கைதிக் குடியேற்றத்தின் கண்காணிப்பாளராக இருந்தார். அந்தமான் வால்காக்கையை 1863-இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. கேமராவும் தெரியும், பறவையும் தெரியும், குன்றும் வீட்டுப் பெயரில் உள்ளது. ஆயினும் அவர் வால்காக்கையைப் படம் எடுக்க வழியில்லை. என்னை? எனின், அக்காலக் காகித நெகட்டிவ் பதிவாக நிமிடக்கணக்கில் ஒளி வேண்டும். ஒரு பறவையை நிமிடக்கணக்கில் அசையாதிருக்கச் செய்ய அன்று இருந்த ஒரே கருவி துப்பாக்கி. அக்கருவியோடு ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1873-இல் ‘ஸ்கோஷியா’ என்னும் நீராவிக் கப்பலில் தீவு தீவாகச் சென்று பறவைகளைத் திரட்டினார். அவருடைய பெருந்தொகுப்பு 1885-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டில்தான் அவர் முன்னின்று தொடங்கிய இந்திய தேசியக் காங்கிரசும் கூடியது. ஹியூமின் பறவைகளில் ஒன்றுகூட அசைந்து படத்தைக் கெடுத்ததாகக் குறை எழவில்லை.

இத்தீவுகளைத் திணைமரபின்படி வகைப்படுத்துவதும் பொருந்தும். காடு கடற்கரை வரை இறங்கி நிற்பதால் முல்லையும் நெய்தலும் இங்கு மயங்கிக் கிடக்கின்றன. முல்லையின் உரிப்பொருள் இருத்தல், பொழுது மாலை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல், பொழுது எற்பாடு. டெலி லென்ஸ் பூட்டியவர் மரத்தடியில் மணிக்கணக்காக ஆற்றியிருப்பதும், பொழுது சாய்ந்தபின் கரையில் அமர்ந்து கேமராத் திரையில் தாம் எடுத்தவற்றைப் பார்த்து இரங்குவதும் இவ்விலக்கணத்தில் சிறிதும் பிழையின்றி அடங்குகின்றன. இரங்குவதற்குரிய காரணமும் பெரும்பாலும் ஒன்றே: 600 மி.மீ. லென்ஸை எஃப்/4-இல் திறந்து பத்து மீட்டர் தொலைவில் உள்ள பறவையைப் படமெடுத்தால், கூர்மையாகப் பதியும் ஆழம் ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவு. வால்காக்கை எதிர்முகமாக அமர்ந்திருந்தால் அதன் கண் தெளியும், மார்பு மங்கும், எந்த உறுப்பால் அது பெயர் பெற்றதோ அவ்வுறுப்பு புகையாகும். ‘பொக்கே’ எனப் போற்றப்படும் இப்புகைப் பின்னணிக்காகவும் பணம் தரப்பட்டுள்ளது என்பதால், இதனைக் குறை எனல் பொருந்தாது என்பார் ஒரு சாரார்.

சுமை பற்றிய கருத்து வேறுபாடு இதனினும் ஆழமானது. உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு அனுமதிக்கப்படும் எடை 7 கிலோ. லென்ஸ், இரண்டு கேமரா, மின்கலங்கள் எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டிவிடுவதால், சட்டைப்பை பல உடைய அங்கியை அணிந்து, எடைமேடையில் பை நிற்கும் அச்சில நிமிடங்கள் மட்டும் கனமான பொருள்களைத் தம் உடம்பின் உறுப்புகளாகக் கணக்குக் காட்டும் முறை வழக்கில் உள்ளது. மூன்று நாள் அளவுக்கு நீளும் சென்னைக் கப்பலில் இத்தொல்லை இல்லை. தீவை அடைந்தபின், முக்காலியில் நிறுத்தியே எடுக்கவேண்டும் என்போரும் கையில் ஏந்தியே எடுக்கவேண்டும் என்போரும் இரு அணியாகப் பிரிகின்றனர். முதல் அணியினர் நடுக்கமற்ற படத்தைக் காட்டுவர். இரண்டாம் அணியினர், முக்காலியின் கால்களை விரித்து முடிப்பதற்குள் பறந்துபோன பறவைகளைச் சுட்டுவர். அலையாத்திக் காட்டின் சேற்றோரம் மட்டும் இவ்வழக்கு தானே தீர்ந்துவிடுகிறது. உவர்நீர் முதலை உண்டு என்னும் எச்சரிக்கைப் பலகையின் அருகே, விரைவில் கிளம்ப வல்ல அணியே சிறந்தது. தமிழில் காட்டுயிர் எழுத்துக்கு வழிவகுத்த மா. கிருஷ்ணன் (1912–1996), பல பாகங்களைத் தாமே பூட்டி அமைத்த தம் கனத்த கேமராவை ‘சூப்பர் பாண்டரோசா’ என அழைத்தார். தம் சுமையைக் கேலி செய்யத் தெரிந்த படக்காரர் அவருக்குப் பின் அருகிவிட்டனர்.

ஈரம் தனி அதிகாரம் வேண்டும் பொருள். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெறும் இத்தீவுகளில், 28 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, 24 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பொருளின்மீதும் நீராகப் படியும். இரவெல்லாம் ஏ.சி. அறையில் குளிர்ந்த லென்ஸை விடியலில் வெளியே எடுத்தால், 150 மி.மீ. கண்ணாடி முழுவதும் வியர்த்து, அன்றைய முதல் அரைமணி நேரத்து ஒளி, அதாவது அன்றைய சிறந்த ஒளி, துடைப்பதிலேயே கழிகிறது. இதற்கஞ்சி, ஏ.சி. அறைக்கு வாடகை கொடுத்துவிட்டு ஏ.சி.யை அணைத்து, லென்ஸுக்குச் சளி பிடிக்காமல் காக்கும் பொருட்டுத் தாம் வியர்த்துக் கிடப்போரும் உளர். ஊர் திரும்பியபின் பூஞ்சை வருகிறது. ஈரப்பதம் 60 விழுக்காட்டைக் கடந்து நிலைத்தால் கண்ணாடியின் இடுக்குகளில் பூஞ்சை வேர்விட்டு, தான் சுரக்கும் அமிலத்தால் மேற்பூச்சை அரிக்கும். சிலிகா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத பெட்டியில் அடைத்து வைப்பதே மருந்து. அரிசிப் பானை மருந்தன்று, மாவுத் தூசிக்கு வழி.

இவ்வளவு இடர்களையும் கடந்த லென்ஸ், இறுதியில் தோற்கும் இடம் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. 2018 வரை ராஸ் தீவு எனப்பட்ட அது, 1941-ஆம் ஆண்டு நிலநடுக்கம் வரை ஆட்சித் தலைமையிடமாக விளங்கியது. இன்று ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்களின் வழித்தோன்றல்கள் இடிபாடுகளிடையே உலவுகின்றன. 600 மி.மீ. எஃப்/4 லென்ஸுகள் நான்கு மீட்டருக்கு உட்பட்ட எப்பொருளையும் குவியப்படுத்த இயலாதவை. மானோ, மனிதர் கையில் தின்பண்டம் இருக்கலாம் என்னும் அனுமானத்தில் ஒரு மீட்டருக்குள் வந்து நிற்கிறது. படக்காரர் பின்வாங்க, மான் முன்வர, இவ்வாறு இருவரும் இடிந்த தேவாலயத்தின் சுவர் வரை சென்றபின், அருகில் நிற்கும் பள்ளிச் சிறுவன் தன் தந்தையின் கைப்பேசியில் அம்மானை முழுமையாக எடுத்துவிடுகிறான்.

ஒளியும் தொலைவும் சரியாக அமைந்தாலும் லென்ஸ் பைக்குள்ளேயே இருக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. அதில் நகைப்புக்கு இடமில்லை. ஜிர்காடாங்கிலிருந்து ஜாரவா பழங்குடியினரின் காப்பகம் வழியே வரிசையாகச் செல்லும் வாகனங்களில் படம் எடுப்பது சட்டப்படி குற்றம். மனிதரைக் காட்டுயிர் வரிசையில் சேர்க்கும் கண்ணுக்கு எத்துளை எண்ணும் தகுதியன்று. இரவில் ஆந்தையின் குரலை ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து, தன் எல்லையில் பகை புகுந்தது எனப் பதறிவரும் பறவைமேல் விளக்கடிக்கும் வழக்கமும் கைவிடத்தக்கதே.

எஞ்சியிருப்பது நார்கொண்டம் இருவாச்சி. 1873-இல் ஹியூம் பெயரிட்ட இப்பறவை, ஏழு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்புடைய நார்கொண்டம் என்னும் ஒரே எரிமலைத் தீவில் அன்றி உலகில் வேறெங்கும் காட்டில் வாழ்வதில்லை. அத்தீவுக்குச் செல்லத் தனி அனுமதி வேண்டும் என்பதால், எஃப்/2.8 உடையோருள் பெரும்பாலோர் அதை வரைபடத்தில் மட்டுமே குவியப்படுத்தியுள்ளனர். அங்கு அமைந்த காவல் நிலையத்தில் பணியாற்றும் காவலர்களோ, அத்திப்பழம் தின்ன வரும் இருவாச்சியைச் சம்பளத்துடன் பார்க்கிறார்கள். அவர்களுக்கு 600 மி.மீ. லென்ஸ் ஒன்றை வழங்கினால் பயன்படுத்துவார்களா என்பது ஆய்வுக்குரியது. ஆனால் லென்ஸ், இடமாறுதல் ஆணை ஆகிய இரண்டையும் ஒரே மேசையில் வைத்து இவ்வாய்வை நடத்துதல் கூடாது.