கரையோரக் கப்பல் இன்ஜினீயர்

தை பிறந்துவிட்டால் நாகமலை புதுக்கோட்டை பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்க்கலாம். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் மஞ்சப்பை. மஞ்சப்பைக்குள் குடை, தண்ணீர் பாட்டில், இஞ்ச் டேப். அரசாங்கம் அவருக்கு ஓய்வு கொடுத்து வருஷக்கணக்காகிறது. அவர்தான் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி அவர் போய் இறங்குவது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில். தைப்பூசத்துக்கு அங்கே தெப்பம் கட்டும் வேலை நடக்கும். கட்டுகிறவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். அவரை யாரும் கூப்பிடவில்லை என்பதும் தெரியும்.

வீட்டு வாசலைத் திறந்தால் மலை. தண்ணீருக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு தெருக்குழாயோடு சரி. நீச்சல் தெரியாது. ஆனாலும் 1645-இல் திருமலை நாயக்கர் இந்தக் குளத்தை வெட்டியபோது பக்கத்தில் நின்று யோசனை சொன்னவர் மாதிரிதான் பேசுவார். “பதினாறு ஏக்கர் குளம்ப்பா. மகால் கட்ட மண்ணெடுத்த இடம். தோண்டுறப்பதான் முக்குறுணிப் பிள்ளையார் கெடைச்சாரு. சும்மா வெளையாட்டா நெனைக்காதீங்க.” பீப்பாய் உருட்டிக்கொண்டிருக்கும் பையன் எதையும் விளையாட்டாக நினைக்கவில்லை. அவனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

முதல் சோதனை பீப்பாய்களுக்கு. சந்தையில் தேங்காய் வாங்குகிறவர் போல ஒவ்வொன்றையும் விரலால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். “இதுல ஓட்டை இருக்கு.” மேஸ்திரி அதைத் தண்ணீரில் அமுக்கிக் காட்டுவார். ஒரு குமிழிகூட வராது. “இப்ப இல்ல. பின்னால வரும்” என்பார். துருப்பிடிக்கும் இரும்பு எதற்கும் பொருந்துகிற ஜோசியம் அது.

அடுத்தது கணக்கு. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும். 200 லிட்டர் பீப்பாய் முழுக்க அமிழ்ந்தால் 200 கிலோ தண்ணீரைத் தள்ளும். பீப்பாயின் சொந்த எடை சுமார் 20 கிலோவைக் கழித்தால் ஒன்றுக்கு 180 கிலோ தாங்கும். அதில் மரச்சட்டம், பலகை, மூங்கில் எடை போக வேண்டும். இதுவரை ஆர்க்கிமிடிஸே வந்தாலும் மறுக்க முடியாது. அதற்குமேல்தான் ஆராய்ச்சி தொடங்கும். “நாயனம் வாசிக்கிறவர் கொஞ்சம் பூசின உடம்பு. அவர் கெழக்க உக்காந்தா, தவில்காரரை மேக்க உக்கார வைக்கணும். குருக்கள் ஓரிடத்துல நிக்க மாட்டாரு, அவரை நடுவுல வச்சுக்கங்க.” தெப்பத்தில் எழுந்தருளும் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் மட்டும் எடைக்கணக்கில் வரமாட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு அடக்கம் உண்டு.

முடிச்சு போடும் இடத்தில் குனிந்து, கட்டை விரலால் கயிற்றை அழுத்துவார். கயிறு அசையாது. “ம்… இன்னொரு சுத்துப் போடு.” கயிற்றுக்காரர் அவர் கண்ணெதிரே ஒரு சுற்றுப் போடுவார். அவர் அடுத்த மூலைக்கு நகர்ந்ததும் அதை அவிழ்த்துவிடுவார். இருவருக்கும் திருப்தி. மேஸ்திரிக்கும் அவரால் வருத்தமில்லை. “பெருசு வந்தா வேலை அரைநாள் இழுக்கும். கூலி சேந்து வரும்ல” என்பார்.

பக்கத்திலேயே திருப்பரங்குன்றத்திலும் தையில் தெப்பம் உண்டு. அதை அவர் பயிற்சி ஆட்டமாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

அவருடைய பொற்காலம் வைகைத் தண்ணீர் வந்து சேராமல் குளம் காய்ந்து கிடந்த ஆண்டுகள்தான். உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். பூசத்துக்கு நிலைத்தெப்பம்தான். சாமி தண்ணீரில் மிதக்காமலே விழா முடியும். தரையில் நிற்கும் தெப்பம் சாயாது, மூழ்காது, யோசனை சொன்னவரைப் பொய்யராக்காது. தண்ணீர் வந்து குளம் நிரம்பியதில் ஊரே மகிழ்ந்தது. அவருக்குப் பொறுப்பு கூடிவிட்டது.

சிந்தாமணியில் கதிரறுப்புத் திருவிழா முடிந்து, மறுநாள் பூசத்தன்று மைய மண்டபத்தைச் சுற்றித் தெப்பம் காலையில் இரண்டு முறையும் இரவில் ஒரு முறையும் வலம் வரும். வடம் பிடிப்பவர்கள் கரையோரம் இழுத்துக்கொண்டு போக, விளக்குகள் நடுங்காமல் நகரும். அப்போது கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் மெதுவாகச் சொல்வார்: “சொன்னதைக் கேட்டிருக்காய்ங்க.” தெப்பம் நேராகப் போனால் சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் சாய்ந்தால் கேட்கவில்லை. இந்த ஏற்பாட்டில் தோல்விக்கு இடமே கிடையாது.

தெப்பத்தை நீரில் இறக்கும் ‘முட்டுத்தள்ளுதல்’ நாளில், ஒருமுறை மேஸ்திரி கையை நீட்டினார். “ஐயா, இத்தனை வருசமா கரையிலயே நிக்கிறீங்க. ஏறி ஒரு சுத்து வந்து பாருங்க.”

அவர் படியில் ஓர் அடி பின்னால் வைத்தார். மஞ்சப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“எல்லாரும் ஏறிட்டா, கோணலா போகுதான்னு கரையில நின்னு பாக்குறது யாருப்பா?”