தண்ணீருக்கு விலையா, குடத்துக்குக் கூலியா?

கேள்வி: இலவச மென்பொருளான ஜிம்ப்பை சி.டி.யில் பதிந்து 200 ரூபாய்க்கு விற்கிறார் எங்கள் ஊர்க் கடைக்காரர். இது மோசடிதானே?

பதில்: விற்பது மோசடி இல்லை. கட்டற்ற மென்பொருளுக்குக் கொடி பிடித்த ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985-ல் ஈமாக்ஸ் நிரலை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்றுத்தான் வயிற்றைக் கழுவினார். ஆங்கிலக்காரர்கள் ‘ஃப்ரீ’ என்ற ஒற்றைச் சொல்லோடு மல்லுக்கட்டுகிறார்கள். நமக்கு இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ஊர்க் கிணற்றுத் தண்ணீரைச் சுமந்து வந்தவர் கூலி கேட்கலாம். கிணறே என்னுடையது என்று சொல்லக் கூடாது.

அதனால் சி.டி. உறையைத் திருப்பிப் பாருங்கள். ஜிம்ப் என்ற பெயரும், யாரும் நகலெடுத்துப் பகிரலாம் என்று சொல்லும் ஜி.பி.எல். உரிமமும் இருக்கின்றனவா? மூல நிரல் கூடவே வருகிறதா, அல்லது கேட்டால் தருவதாக எழுதிய உறுதிமொழியாவது உண்டா? இருந்தால் அவர் நேர்மையான வியாபாரி. பெயரை மாற்றி ஒட்டி, ‘நகலெடுத்தல் குற்றம்’ என்று அச்சடித்திருந்தால் அது திருட்டு. எழுதியவர்கள் நமக்குக் கொடுத்த உரிமையையே அவர் பறிக்கிறார்.

அப்புறம், வாங்கிய சி.டி.யை நண்பருக்கும் நகலெடுத்துக் கொடுங்கள். கடைக்காரர் முறைத்தால் உரிமத்தைக் காட்டுங்கள்.