அண்ணியார் ஆட்சியும் பங்காளிச் சண்டையும்

போப்புக்குக் கல்யாணம் கிடையாது; பிள்ளையும் கிடையாது, இருந்தாலும் கிடையாது. 1534-ல் பதவிக்கு வந்த மூன்றாம் பவுல், வந்த சூட்டோடு தன் இரண்டு பேரன்களைக் கர்தினால் ஆக்கினார். ஒருவனுக்கு வயது 14. பேரன் எந்த வழியில் வந்தான் என்று கேட்பது மரியாதைக்குறைவு.

எங்கள் எருத்தேன்பதி இருக்கும் சித்தூர்ப் பக்கத்தை ஆண்ட கொச்சி ராஜாக்களும் மகனுக்குப் பட்டம் கட்டியதில்லை. தாய்வழியில் மருமக்கத்தாயம்; பட்டம் மருமகனுக்கு. அவர்கள் அதைப் பகிரங்கமாகச் செய்தார்கள். ரோமில் ஜெபம் பண்ணிவிட்டுச் செய்தார்கள்.

மலையாளக் கரையின் பழைய கிறிஸ்தவர்களான நஸ்ரானிகளுக்குத் தலைமை அர்க்கதியாக்கோன். அந்தப் பதவி பகலோமற்றம் குடும்பத்துச் சொத்து மாதிரி. போர்ச்சுகீசிய ஆயர்களின் அதிகாரம் தாங்காமல் 1653 ஜனவரி 3-ல் மட்டாஞ்சேரியில், இனி அவர்களுக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று கூனன் குரிசு சத்தியம் செய்தார்கள். சில மாதத்தில் ஆலங்காட்டில் 12 பாதிரியார்கள் அர்க்கதியாக்கோன் தோமாவின் தலையில் கை வைத்து அவரையே மார்த்தோமா என்ற ஆயர் ஆக்கினார்கள். செல்லாது என்றது ரோம்.

சொன்ன ரோமின் யோக்கியதை என்ன? 1653-ல் போப் பத்தாம் இன்னசென்ட். ஆனால் காரியம் ஆக வேண்டியவர்கள் பார்த்தது அவர் அண்ணியார் ஒலிம்பியாவைத்தான். ஒலிம்பியாவின் மகன் கமில்லோ கர்தினால் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். 1655-ல் போப் செத்தார். சவப்பெட்டிக்குக் காசு கேட்டதற்கு, "நான் ஏழை விதவை" என்று அண்ணியார் கைவிரித்ததாகக் கதை.

அடுத்து வந்தவர் ஏழாம் அலெக்சாண்டர். சொந்தக்காரன் எவனும் ரோமில் கால் வைக்கக் கூடாது என்றார். அந்த வைராக்கியம் ஒரு வருஷம் நின்றது. பிறகு அண்ணன், அண்ணன் பிள்ளைகள் எல்லோரும் வந்து இறங்கினார்கள்.

இவர் அனுப்பிய செபஸ்தியானி என்ற கார்மலைட் பாதிரியார்தான் மலையாளக் கரைக்குப் பஞ்சாயத்து பேச வந்தார். வந்தவர் வழக்கைத் தீர்க்கவில்லை, பங்காளியைத் தேடினார். தோமாவின் ஒன்றுவிட்ட சகோதரர் பறம்பில் சாண்டி கிடைத்தார். 1663 ஜனவரியில் டச்சுக்காரன் கொச்சியைப் பிடித்து, செபஸ்தியானியை மூட்டை கட்டச் சொன்னான். அவசர அவசரமாக பிப்ரவரி 1-ல் கடுத்துருத்தியில் சாண்டிக்கு ஆயர் பட்டம். திருச்சபைப் பிளவு என்று வரலாறு சொல்கிறது. ஊரில் இதற்குப் பெயர் பங்காளிச் சண்டை.

1692-ல் பன்னிரண்டாம் இன்னசென்ட் சொந்தக்காரர்களுக்குச் சொத்தும் பதவியும் வாரிவிடக் கூடாது என்று சட்டம் போட்டார். மலையாளக் கரையில் பகலோமற்றத்து நாலாம் மார்த்தோமா பதவிக்கு வந்து அப்போது நாலு வருஷம். இன்னும் 36 வருஷம் எழுந்திருக்கவில்லை.